வட்டுக்கோட்டைச் செமினறி (1823 – 1855)

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலின் ஒழுங்கில் எழுதுவதானால் இப்படித்தான் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைப் பூர்வீகமாகவும் வட்டுக்கோட்டையைப் பிறப்பிடமாகவும் கொண்ட செமினறி அவர்கள் 1855ஆம் ஆண்டு காலமானார். அன்னார் காலஞ்சென்ற டானியல் பூர் ஐயரின் அன்பு மகனும், உடுவில் பெண்கள் பாடசாலையின் பாசமிகு தமையனும், சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை ஆகியோரின் தந்தையும், யாழ்ப்பாணக் கல்லூரியின் பாட்டனாரும் ஆவார். இறக்கும்போது வயது 32.

இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்பது வழக்கம். உற்றார் என்று யாரைச் சொல்ல? அச்சிட்ட கலித்தொகையை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பிரித்தவர்கள் எல்லோரும் இந்த வீட்டுக்கு உற்றார்தான். அந்த உரிமையில்தான் இத்தனை தாமதித்தும் இந்தத் துக்கத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளத் துணிகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் பாடி அச்சடித்துக் கொடுக்கும் நாட்டில், எத்தனையோ புலவர்களை வளர்த்துவிட்ட இந்தப் பெரியவருக்கு ஒரு கல்வெட்டும் பாடப்படாமல் போனது.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வந்து இறங்கியபோது, தென்னிந்தியாவின் வாசல் அவர்களுக்கு நன்றாகத் திறக்கவில்லை; கொழும்பிலிருந்த ஆங்கில அரசு தீவின் வடகோடியைக் காட்டிவிட, யாழ்ப்பாணத்துக்கு வந்த அவர்களில் பூரும் வாரனும் தெல்லிப்பழையிலும், மெய்க்ஸும் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையிலும் குடியமர்ந்தார்கள். வட்டுக்கோட்டையில் அவர்களுக்குக் கிடைத்தது பறங்கியர் தொடங்கி ஒல்லாந்தர் புதுக்கிக் கட்டிய பழைய கோவில் ஒன்றின் இடிபாடு. கூரை விழுந்து சுவர் மட்டும் நின்ற அந்தக் கட்டடத்தைச் சுற்றிலும் பனையும் வடலியும், அவற்றுக்கு அப்பால் வயலும் புகையிலைத் தோட்டமும். அந்த ஊரின் பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் 'பட்டிக்கோட்டா' என்று ஆயிற்று. பொஸ்ரனிலிருந்த மிஷன் சபைக்குப் போன கடிதங்களிலும் அறிக்கைகளிலும் அந்தப் பெயரே நிலைத்தது. (வட்டுக்கோட்டை என்றதும் இன்று பலருக்கு நினைவில் வருவது 1976இன் தீர்மானம். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னே அந்த ஊருக்கு உலகத்தில் ஒரு முகவரி இருந்தது என்பதைச் சொல்லி வைக்கிறேன்.)

முதலில் வந்தவை சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகள். ஓலைக் கொட்டில், மணலில் விரலால் எழுதும் அரிச்சுவடி, பிறகு ஏடும் எழுத்தாணியும் என்று நம்முடைய திண்ணைப் பள்ளியின் வழக்கத்தை மாற்றாமலே நடந்தவை. அவற்றில் தேறிய பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து மிஷன் வளவிலேயே வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. வேதக்காரர் வளவுக்குள் சோறு தின்னப் பிள்ளைகளை விடமாட்டோம் என்று பெற்றோர் நின்றார்கள். சமையலை வளவுக்கு வெளியே ஒரு சைவ வீட்டுக் காணியில், அவர்கள் ஏற்றுக்கொள்ளும் சாதிக்காரர் கையால் நடத்த மிஷனரிமார் சம்மதித்தார்கள். பாடம் உள்ளே, பந்தி வெளியே. செமினறியின் கதை முழுவதும் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1823 ஆடி மாதம் அது பிறந்தது. தெல்லிப்பழையிலிருந்து வட்டுக்கோட்டைக்கு வந்து பூர் ஐயர் பொறுப்பேற்றார். பெற்றவர்களுக்கு இருந்த கனவு பெரியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பிற பிள்ளைகளுக்கும் ஒரு கல்லூரி என்று அவ்வாண்டே திட்டம் எழுதி அச்சிட்டுப் பரப்பினார்கள். ஆங்கிலம், உயர்ந்த தமிழ், சமஸ்கிருதம், தேர்ந்த சிலருக்கு எபிரேயமும் லத்தீனும் கிரேக்கமும், இவற்றோடு ஐரோப்பிய விஞ்ஞானம் முழுவதும் என்று அதில் கண்டிருந்தது. ஆனால் ஆங்கிலேயர் ஆளும் நாட்டில் அமெரிக்கர் நடத்தும் பள்ளிக்குக் கல்லூரிப் பட்டயம் கொடுக்க அரசு இசையவில்லை. 1820இல் அச்சுக்காரர் ஒருவரை மிஷன் வரவழைத்தபோது அவரைத் தங்கவிடாமல் திருப்பி அனுப்பிய அரசு அது. எனவே முதலில் மத்திய பாடசாலை என்றும் 1827 முதல் செமினறி என்றும் அடக்கமான பெயரோடு அது வளர்ந்தது. அரசு இரங்காவிட்டாலும் அரசின் நீதிபதி ஒருவர் இரங்கினார். சர் ரிச்சர்ட் ஒட்லி கொடுத்த உதவிக்கு நன்றியாக எழுந்த ஒட்லி மண்டபத்தில்தான் ஆண்டுதோறும் பகிரங்கப் பரீட்சை நடந்தது. துரைமாரும் ஊர்ப் பெரியவர்களும் வந்து அமர்ந்திருக்க, வேட்டி கட்டிய பிள்ளைகள் எழுந்து நின்று யூக்ளிட்டின் தேற்றங்களை நிறுவிக் காட்டினார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பெயர்களிடத்தில் சற்றுத் தங்க வேண்டும்.

ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒரு குடும்பமோ சபையோ ஏற்றுக்கொள்ளும். கொடுத்தவர்களுக்கு ஓர் உரிமை உண்டு: தமக்குப் பிரியமான ஒருவரின் பெயரை அந்தப் பிள்ளைக்கு இடலாம். பெரும்பாலும் அவை மதிப்புக்குரிய போதகர்களின் பெயர்கள். சில வேளை இறந்துபோன உறவினர்களின் பெயர்கள். நெவின்ஸ், வைமன், ஆர்னல்ட், கறோல், எவார்ட்ஸ் என்று நாம் இன்று யாழ்ப்பாணத் தமிழ்ப் பெயர்களாகவே சொல்லிப் பழகியவை இப்படி வந்தவைதான். பனிக்குளிரில் உறைந்த ஏதோவொரு சேமக்காலையில் கிடந்த பெயர் கடல் கடந்து வந்து பனங்கூடலுக்குள் ஒரு சிதம்பரப்பிள்ளையின் தலையில் அமர்ந்தது. மகனைப் புதைத்த யாரோ ஒரு தாய், அந்தப் பெயரை ஒரு பிள்ளை இன்னும் சுமந்து நடக்கிறது என்ற ஆறுதலுக்காக ஆண்டுதோறும் பணம் அனுப்பியிருக்கலாம். பிள்ளையின் சொந்தத் தாயோ அவனைக் கடைசிவரை வீட்டுப் பெயரால்தான் கூப்பிட்டிருப்பாள். வாங்கிய பெயரையும் விடாமல், பிறந்த பெயரையும் விடாமல், இரண்டையும் சேர்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தை அந்தப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள்.

படிப்பின் விரிவைப் பட்டியலிட்டு மாளாது. கணிதமும் வானசாத்திரமும் பௌதிகமும் இரசாயனமும் ஒரு பக்கம், நன்னூலும் குறளும் கந்தபுராணமும் மறு பக்கம், நடுவில் வேதாகமம். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் இதை நேரில் பார்த்து வியந்து, ஐரோப்பாவின் பல கல்விச்சாலைகளோடு ஒப்பிட்டுத் தமது 1850ஆம் ஆண்டு நூலில் எழுதினார். கிராமத்துப் பள்ளி ஒன்றுக்குக் கிடைத்த அந்தச் சான்றிதழைப் பூர் ஐயர் பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் காத்திருந்தது வேறொன்றுக்கு.

1829 பங்குனியில் ஒரு சந்திரகிரகணம் வந்தது. பக்கத்து ஊரான அராலியில் விசுவநாத சாஸ்திரியார் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்துக் கொடுப்பவர். அவருடைய பஞ்சாங்கத்தில் கண்ட கிரகண நேரமும் மறைப்பின் அளவும் பூர் ஐயர் தம் மாணவர்களோடு கணித்தவற்றோடு ஒத்துப்போகவில்லை. செய்தி ஊரெல்லாம் பரவிற்று. அன்றிரவு எல்லோருடைய கண்ணும் ஆகாயத்தில். நிழல் விழுந்தது, விலகியது, ஐயரின் கணக்கே சரியாயிற்று. பஞ்சாங்கம் பிழைத்தால் அதன்மேல் நிற்கும் சமயமும் ஆட்டம் காணும் என்று மிஷனரிமார் நம்பினார்கள். அதற்காகவே வானசாத்திரத்தை அத்தனை ஊக்கத்தோடு கற்பித்தார்கள். நடந்தது என்ன? நம்மவர்கள் புதிய கணக்கை எடுத்துக்கொண்டார்கள், பழைய தோஷத்தையும் வைத்துக்கொண்டார்கள். கிரகணம் விட்டதும் வழக்கம்போல் குளித்தார்கள். சாஸ்திரியாரின் மதிப்பும் ஊரில் குறைந்துவிடவில்லை.

பூர் ஐயருக்குப் பின் பொறுப்பேற்ற ஹொய்சிங்ரன் ஐயரின் கதை இன்னும் வேடிக்கை. சைவர்களின் சாத்திரத்தை மறுப்பதற்காகவே அதைப் படிக்கத் தொடங்கியவர், படிக்கப் படிக்க அதற்குள் ஆழ்ந்துபோய், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் அச்சாயின. வட்டுக்கோட்டைக் காற்று இப்படியும் சிலருக்குப் பட்டது.

பிள்ளைகள் செய்த காரியங்களுக்கு வருகிறேன். 1841 தை மாதம் 7ஆம் நாள் உதயதாரகை வெளிவந்தபோது, தமிழும் ஆங்கிலமும் கலந்த அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினறி வளர்த்த பிள்ளைகள். பாரசீகத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் இளவயதிலேயே இறந்த ஆங்கிலப் போதகர் ஒருவரின் அதே பெயரோடு, ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். 1834இல் தொடங்கிய மதுரை மிஷனுக்கு உபதேசியாராகவும் ஆசிரியராகவும் போனவர்களில் செமினறிப் பிள்ளைகள் உண்டு. பூர் ஐயரே சில ஆண்டுகள் அங்கே போய்ப் பள்ளிகள் திறந்தார். டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியபோதும், பிறகு அதைத் தமிழிலேயே எழுதத் துணிந்தபோதும் துணைநின்றவர்கள் இந்த வளவிலிருந்து போனவர்களே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்கத்துக்கு நியாய இலக்கணம் எழுதினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டிப் பாவலர் சரித்திர தீபகம் என்று 1886இல் வெளியிட்டார். வைமன் கதிரைவேற்பிள்ளை பேரகராதிக்காகத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். பெயர் தெரியாமல் கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் கரைந்துபோனவர்கள் இவர்களைப்போல் பலமடங்கு.

இப்படிப் பெருமை பேசும்போது குறையை மறைப்பது செத்தவருக்கும் மரியாதை இல்லை. செமினறியின் வாசல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேளாள வீட்டுப் பிள்ளைகள். தேவனுக்கு முன் எல்லோரும் சமம் என்று உள்ளே போதித்தார்கள்; ஆனால் அந்தச் சமத்துவம் பந்தியை எட்ட எத்தனையோ காலம் பிடித்தது. கல் உடைத்தவர்களின் பிள்ளைகளும் கள் இறக்கியவர்களின் பிள்ளைகளும் ஒட்லி மண்டபத்தை வெளியில் நின்று பார்த்த காலம் அது. இந்தத் துக்க வீட்டில் அவர்கள் நம்மோடு சேர்ந்து அழாவிட்டால் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

உடல்நலக்குறைவு முதலில் தென்பட்டது 1837இல். அமெரிக்காவில் வங்கிகள் நொடித்துப் பணம் வருவது குறைந்தபோது கிராமப் பள்ளிகள் பல ஒரே ஆண்டில் மூடப்பட்டன; ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். செமினறி அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்து நடமாடிற்று. ஆனால் அதன் உண்மையான நோய் வேறு, அது பெற்றவர்களின் மனத்தில் இருந்தது. ஊழியத்துக்கென்று படிப்பித்த பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போனார்கள். ஆங்கிலமும் கணக்கும் அறிந்த இளைஞனுக்கு அரசு கொடுக்கும் சம்பளத்தைக் கிராமச் சபை கொடுக்க முடியுமா? ஞானஸ்நானம் பெற்றவர்களிலும் பலர் படிப்பு முடிந்து வீடு திரும்பியதும் திருநீறு பூசிக்கொண்டார்கள். இத்தனை பணமும் இத்தனை ஆயுளும் கொட்டி வளர்த்தது இதற்குத்தானா என்று பொஸ்ரனில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

1855 அந்த வீட்டுக்கு ஆகாத ஆண்டு. மாசி 3ஆம் நாள் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு பூர் ஐயர் காலமானார். இந்தியாவையும் இலங்கையையும் பார்வையிடப் புறப்பட்டிருந்த மிஷன் சபையின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன், அதற்குச் சில மாதங்களுக்குள் யாழ்ப்பாணம் வந்தார். கூடிப் பேசினார்கள். கிராமத்துக்கு வேண்டியது தாய்மொழியில் படித்த, ஊரோடு தங்கும் போதகரும் ஆசிரியருமே. ஆங்கிலக் கல்வி அவர்களை ஊரிலிருந்து பெயர்த்துவிடுகிறது என்பது ஆண்டர்சனின் உறுதியான கொள்கை. தீர்ப்பு எழுதப்பட்டது. தந்தை இறந்த அதே ஆண்டில் மகனும் போனார்.

ஆண்டர்சனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக்கொடு என்றவரை எந்த முகத்தோடு திட்டுவது? ஆனால் வட்டுக்கோட்டையில் தமிழும் ஆங்கிலமும் ஒன்றையொன்று தின்னவில்லை என்பதை அவர் பார்க்கத் தவறினார். ஆங்கிலம் நன்றாகப் படித்த அதே பிள்ளைகள்தான் தமிழையும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தார்கள். செமினறி மூடப்பட்ட 1855இலேயே கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் தமிழில் அச்சாகி வந்தது. அவர் பார்ப்பதற்கு அது போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றித் தன் முதல் பி.ஏ. பரீட்சையை நடத்தியபோது, அதில் தேறியவர்கள் இருவர். ஒருவர் அந்த விசுவநாதபிள்ளை, மற்றவர் தாமோதரம்பிள்ளை. பட்டயம் மறுக்கப்பட்டு, பெற்றவர்களாலேயே மூடப்பட்ட கிராமத்துப் பள்ளியின் பிள்ளைகள் இருவரும். ஒப்பாரி வைக்கத் தெரிந்த எவருக்கும் இந்த ஒரு வரி போதும்.

தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியில் பிறந்து, 1844 முதல் எட்டு ஆண்டு செமினறியில் படித்தவர். மிஷன் கொடுத்த பெயர் கிங்ஸ்பெரி. பின்னாளில் கிறித்தவ சமயத்தை விட்டுச் சைவரானார். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு, 1887இல் கலித்தொகை என்று அச்சேற்றினார். ஏட்டை ஏட்டோடு பொருத்திப் பாடம் தீர்மானிக்கும் அந்தப் பொறுமை வட்டுக்கோட்டைக் கணித வகுப்பில் பழகியது என்று நான் சொன்னால் யாரும் மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. அவருடைய மகன் அழகசுந்தரம், தந்தை விட்டுவந்த சமயத்துக்கே திரும்பிப் போய் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரில் கிறித்தவப் போதகரானார். அந்தப் போதகர் 1921இல் ஜி.ஈ. பிலிப்ஸோடு சேர்ந்து நாயன்மார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். வளவுக்கு வெளியே போட்ட அந்தப் பந்தி மூன்று தலைமுறைக்குப் பிறகும் கலையவில்லை.

மூடியபின் ஊர் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர்கள் முறையிட்டார்கள், தாங்களாகப் பள்ளி நடத்திப் பார்த்தார்கள், பணம் திரட்டினார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடவில்லை. வீட்டை மட்டும் கொடுத்தார்கள். தங்கை உடுவில் 1824இல் பிறந்தவள், இன்றும் இருக்கிறாள். அந்தப் பழைய கோவில் இப்போது தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம்.

கடைசியாக உறவினர்களிடம் ஒரு விண்ணப்பம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோனவை எரிந்தவைதான். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் தொலைந்தவையும் தொலைந்தவைதான். ஆனால் உங்கள் பாட்டியின் பாட்டனார் பெயருக்கு முன்னால் ஓர் அமெரிக்கப் பெயர் இருந்தால், உங்கள் வீட்டிலோ, புலம்பெயர்ந்த நாட்டில் ஒரு சகோதரர் வீட்டிலோ, பரணில் ஒரு பழைய இரும்புப் பெட்டி இருக்கக்கூடும். அதற்குள் மானிப்பாய் அச்சுக்கூடத்துத் துண்டுப் பிரசுரமோ, மஞ்சளாகிப் போன கணக்குக் கொப்பியோ, நிறம் மங்கிய கையெழுத்தோடு ஒரு கடிதமோ கிடைத்தால், அதைக் கழித்துவிடாதீர்கள். கறையான் முந்துவதற்கு முன் ஒரு நூலகத்திடம் கொடுத்துப் படியெடுத்து வையுங்கள்.